மாறு சீட்டு

ஆடி ஒன்றிலிருந்து செல்லாது என்று
டெப்போ சுவரில் தாள் ஒட்டினார்கள்.
கையெழுத்து கிளை மேலாளருடையது.
எழுத்துப்பிழைகள் யாருடையவை, தெரியவில்லை.

ஒசஹட்டி முதல் வண்டிக்கு நான் கண்டக்டர்.
ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி
கட்டபெட்டு வந்து குன்னூருக்குத் திரும்பும் வண்டி.
ஊட்டிக்காரர்கள் கட்டபெட்டில் இறங்கி
பின்னால் வருவதில் அதே சீட்டை நீட்டுவார்கள்.
மஞ்சள் தாள். ஓரத்தில் நான் ஒரு ஓட்டை,
அந்த வண்டி மரியதாஸ் ஒரு ஓட்டை.
இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே காசு.

இனி ஓட்டைக்கு ஒரு காசு.

முதல் நாள் முணுமுணுப்போடு போயிற்று.
கேரட் கழுவப் போகும் பெண்கள்
முந்தி முடிச்சை இரண்டாம் தரம் அவிழ்த்தார்கள்.
விறைத்த விரலில் முடிச்சு இளகுவதற்குள்
பின்வண்டி வளைவு தாண்டிவிட்டது.

இரண்டாம் நாள் ஒருவரும் இறங்கவில்லை.

"கட்டபெட்டு, கட்டபெட்டு,
ஊட்டி போறவங்க எறங்குங்க."
விசில் கொடுத்தேன். இன்னொன்று கொடுத்தேன்.
கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து
வெளியே மலை இருந்ததா என்றே தெரியவில்லை.
டிரைவர் ஹாலன் இஞ்சினை அணைத்துவிட்டு
பீடி பற்றவைக்கக் கீழே போனார்.
இறங்கியது அவர் ஒருவர்தான்.

"எறங்குனாத்தானே காசு?
எறங்காதவனுக்கு என்ன சட்டம்?"
கேட்டது பெள்ளி, கிழங்கு மண்டிக் கணக்கர்.
குன்னூர் போகிறவர்.
மாறு சீட்டு அவருக்கு வேண்டியதே இல்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின் சீட்டில் மாதம் நிறைந்த ஒருத்தி,
சேட் ஆஸ்பத்திரிக்கு.
அவளை மட்டும் போகச் சொன்னார்கள்.
கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது சில்லறை,
எட்டணாவும் நாலணாவுமாக, யாருடைய சூட்டோடோ.
எந்தச் சீட்டின் பேரில் அதை வரவு வைப்பது?
மேல்பையில் போட்டேன். இன்னும் அங்கேதான்.

மேலாளர் ஜீப்பில் வந்தார், மப்ளரோடு.
கார்ப்பரேஷன் நட்டத்தில் ஓடுகிறது என்றார்.
பாதிச் சீட்டைப் பஸ் ஸ்டாண்டில் விற்கிறார்கள் என்றார்.
அது பொய்யில்லை. நானே ஒருவனைப் பிடித்திருக்கிறேன்,
பிடித்ததை எழுதவில்லை.

அப்போது மருதாயி எழுந்து நின்றாள்.
தோட்டக்காரி; பேசிப் பார்த்ததில்லை நான்.
"எங்கய்யா ஒரே தாள்ல மாறி வந்தாரு சார்.
தலைமன்னார்ல கப்பல், மண்டபத்துல முகாம்,
அப்புறம் ரயிலு, அப்புறம் லாரி.
எறங்குன எடமெல்லாம் ஒரு முத்திர.
எங்கயும் புதுசா காசு கேக்கல."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"கேட்டதெல்லாம் வேற."

மேலாளர் மப்ளரைத் தளர்த்தினார்.
இறுக்கினார்.
"இன்னைக்கு மட்டும்" என்றார்.

அந்த இன்றைக்கு இது பதினோராவது நாள்.

காலையில் டெப்போவுக்குப் போனால்
சுவரில் தாளைக் காணோம்.
தாள் இருக்கிறது; அதன் மேல் விளிம்பு வரை
பழைய மாறு சீட்டுகள், மஞ்சள் மஞ்சளாக,
ராகிக் கூழில் ஒட்டியிருக்கிறார்கள்.
ஒவ்வொன்றிலும் என் ஓட்டை, மரியதாஸின் ஓட்டை.
ஓட்டைக்குள்ளே அடித்தாளின் எழுத்து
ஒன்றொன்றாகத் தெரிகிறது.
ஒரு 'ர'. ஒரு 'செ'யின் கொம்பு.
ஒரு முற்றுப்புள்ளி.
எந்த இரண்டும் சேர்ந்து சொல்லாகவில்லை.

சுரண்டச் சொல்லித் தகரத் துண்டு கொடுத்தார்கள்.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
பசை ஈரம்.

எழுதிக் கொடுத்தேன்:
"காய்ந்த பிறகு சுரண்டுகிறேன்."
ஆடி மாதத்தில், இந்த மலையில்,
எது காய்ந்திருக்கிறது.